உதிரி லைன்

கேபிள் சுத்தறதுக்கு ஒரு முறை இருக்கு சார். உங்க மேஜை மேல கிடக்கிற அந்த மைக் வயரை யாரோ முழங்கைல போட்டு இறுக்கிச் சுத்தியிருக்காங்க. அப்படிச் சுத்தினா உள்ள இருக்கிற கம்பி முறுக்கிக்கும், ஒரு நாள் பாதிப் பாட்டுல உயிரை விட்டுடும். ஒரு வளையம் மேல, அடுத்த வளையம் கீழன்னு மாத்தி மாத்திப் போடணும். குடுங்க, நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிக்கிட்டே சுத்தித் தர்றேன். கை சும்மா இருந்தா எனக்குப் பேச வராது.

நேத்து சாயங்காலம் மூணாவது பாட்டு நடுவுல ஹால் முழுக்க கரண்ட் போச்சே, அது எப்படின்னுதானே கேக்கறீங்க. ஹால் மேனேஜர்னா கேக்கத்தான் வேணும். சொல்றேன். முதல்ல அந்தக் கரண்ட்காரரை உட்காரச் சொல்லுங்க. காலைலேர்ந்து கதவோரமா நின்னுக்கிட்டு, மெயின் போர்டை ஒழுங்கா பராமரிச்சேன், ஒழுங்கா பராமரிச்சேன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கார். பாவம். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. உங்க மெயின் போர்டு கல்லு மாதிரி இருக்கு. அது தானா விழாது. என் மனைவியும் இங்கேயே இருக்கட்டும். அவளுக்குத் தெரியாம நான் எதுவும் செய்யறவன் இல்ல. ஒரே ஒரு விஷயம் தவிர. அதை இப்போ சொல்லத்தான் போறேன்.

நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சவுண்ட் வாடகைக்கு விடறோம். ஸ்பீக்கர், மைக், மிக்சர், எல்லாம். பெட்டி தூக்கறது, வயர் இழுக்கறது என் வேலை. ஹால் கடைசில, எல்லாச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்சர் முன்னாடி உட்கார்றது அவ. காது அவளுக்குத்தான், அதை நான் எங்க வேணும்னாலும் ஒத்துக்குவேன். ஆனா நான் அடிப்படைல கிட்டார்காரன். என்கிட்ட ஒரு கறுப்புக் கிட்டார் இருக்கு. தோள்ல மாட்டினா அன்னிக்குத் தைலம் தேய்ச்சாத்தான் தூக்கம் வரும், அவ்வளவு கனம். தடதடன்னு அடிவயித்துல இறங்கற பாட்டு இருக்கே, அதுக்குன்னே செஞ்சது. கனமான பாட்டுக்குக் கனமான கிட்டார். இதுல யாருக்கும் கருத்து வேற்றுமை இருக்க முடியாதுன்னு நினைக்கிறேன்.

இன்னொரு ரகம் இருக்கு. மெலிசா, வெறும் பலகை மாதிரி. சினிமால ஒருத்தன் தனியா குதிரைல போவான், வெயில் அடிக்கும், புழுதி பறக்கும், பின்னாடி ஒரு கிட்டார் 'டொய்ங்'னு ஒரு தட்டு தட்டும் பாருங்க. அது இந்த ரகம். நல்ல கிட்டார்தான். நான் குறை சொல்லல. குதிரை வச்சிருக்கிறவங்க தாராளமா வாசிக்கலாம்.

என் மச்சினன், அதான் இவளோட தம்பி, அதுல ஒண்ணை வாங்கிட்டு வந்தான். வெளிர் மஞ்சள் நிறம். வெண்ணெய்க்கட்டின்னு அதுக்குப் பேர் வச்சோம். நான்தான் வச்சேன். வெண்ணெய்க்கட்டியை வச்சுக்கிட்டு எங்க குழுவுல கனமான பாட்டு வாசிக்கப் போறேன்னான். எங்க குழுன்னா, நான் ஆரம்பிச்ச குழு.

"மாப்ள, நீ நல்லா இருப்பே. இதுல போய் அந்தப் பாட்டையெல்லாம் வாசிச்சா எலி இருமற மாதிரி இருக்கும்டா"ன்னு பக்குவமா எடுத்துச் சொன்னேன்.

அவன் சிரிச்சான். "மாமா, உங்க கிட்டார்ல வெறும் இடிதான் இருக்கு. கரகரப்பு ஏத்தினா எல்லா தந்தியும் ஒண்ணாக் குழம்பி சேறாயிடுது. இதுல மின்னல் இருக்கு மாமா. எவ்வளவு ஏத்தினாலும் ஒவ்வொரு தந்தியும் தனியாக் கேக்கும். வாசிச்சுப் பாருங்களேன்."

சேறுன்னு சொன்னான் சார். நான் அதை மனசுல வச்சுக்கவே இல்ல. அன்னிக்கு அவன் பச்சைச் சட்டை போட்டிருந்தான், வலது பக்கக் காலர் உள்ள மடங்கியிருந்துச்சு, பல்லுல கொஞ்சம் கீரை ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

அப்புறம் ஒரே குழுவுல ரெண்டு கிட்டார் எதுக்குன்னு ஒரு பேச்சு வந்துச்சு. யார் இருக்கணும்னு கை தூக்கச் சொன்னாங்க. மச்சினன் பேர் வந்தப்போ டிரம்ஸ்காரன் ரெண்டு கையையும் தூக்கினான். நான் பெருந்தன்மையா ஒதுங்கிக்கிட்டேன். "அண்ணே, நீங்க சவுண்டைப் பாத்துக்கோங்க, அதுக்குத்தான் நல்ல ஆள் இல்ல"ன்னு பாடறவன் என் தோள்ல கை போட்டுச் சொன்னான். சந்தோஷமா சரின்னேன். வீட்டுக்கு வந்து கறுப்புக் கிட்டாரைத் துடைச்சுக் கட்டிலுக்கு அடியில வச்சேன். சாப்பிட வரலையான்னு இவ கேட்டா. பசிக்கலைன்னேன். நிஜமாவே பசிக்கல.

அவனோட முதல் கச்சேரி இதே ஹால்லதான். மத்தியானம் நான் மேடைல வயர் போட்டுக்கிட்டிருந்தேன். அவன் வெண்ணெய்க்கட்டியை மாட்டிக்கிட்டு வந்து, காலடியில இருக்கிற, கரகரப்பு ஏத்தற பெடலை இன்னும் மிதிக்கல, சும்மா ஒரு தட்டு தட்டினான். எவர்சில்வர் தட்டுல கரண்டி விழுந்த மாதிரி இருந்துச்சு. பெடலை மிதிச்சா சரியாயிடும்னு அவன் சொல்லிக்கிட்டிருந்தான். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்க பயிற்சிக்கெல்லாம் நான் போனதில்ல, எனக்கு வேலை இருக்கும். ஆனா ஒரு கரண்டி விழுந்தா அது கரண்டின்னு தெரியறதுக்குப் பயிற்சிக்குப் போகணுமா?

அப்போ இவ என் பக்கத்துல வந்து மெதுவா சொன்னா. "அவனுக்கு அம்மா அப்பா எல்லாம் நாமதான். இன்னிக்கு அவன் தலை குனிஞ்சிடக் கூடாதுங்க. பாத்துக்கோங்க."

பாத்துக்கிட்டேன். நான் செஞ்சது அவ்வளவுதான். தயவுசெஞ்சு இதை முதல் வரியா எழுதிக்கோங்க.

மேடைக்குப் பின்னாடி உடைஞ்ச நாற்காலியெல்லாம் அடுக்கி வச்சிருக்கீங்களே ஒரு ரூம், மெயின் போர்டு இருக்கிற ரூம். அங்க ஒரு ஆள் இருந்தாத்தான் கரண்டுக்குப் பாதுகாப்புன்னு இவகிட்ட சொல்லிட்டு உள்ள போனேன். கறுப்புக் கிட்டாரை ஸ்பீக்கர் மூடற துணியில சுத்தி ஏற்கெனவே கொண்டு வந்து வச்சிருந்தேன். ஒரு சின்னப் பெட்டி, அதுல கிட்டாரைச் செருகி ஹெட்போன் மாட்டிக்கலாம், வெளிய சத்தம் கேக்காது. அந்தப் பெட்டியிலேர்ந்து ஒரு வயர் இழுத்து, மேடையோரம் எல்லா மைக் வயரும் வந்து சேர்ற பெட்டி இருக்கும் பாருங்க, அதுல கடைசி ஓட்டைல சொருகினேன். அந்த ஓட்டைக்கு நாங்க உதிரின்னு சீட்டு ஒட்டியிருப்போம். ஏதாவது ஒரு லைன் செத்துட்டா மாத்திக்கறதுக்கு. அங்கேர்ந்து சத்தம் நேரா இவ மிக்சருக்குப் போயிடும். இவகிட்ட சொல்லல. இருக்கிற பாரம் போதாதா அவளுக்கு?

பாட்டு ஆரம்பிச்சுது. அவன் மேடைல வாசிச்சான், நான் உள்ள வாசிச்சேன். எல்லாப் பாட்டும் எனக்குத் தெரியும், பாதி நான் போட்டது. நான் ஒரு தட்டு தட்டினா சுவர் ஒரு அதிர் அதிருது. அடுக்கி வச்ச நாற்காலி எல்லாம் கடகடன்னு ஆடுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? முடிஞ்சதும் ஜனங்க மேடையைச் சூழ்ந்துக்கிட்டாங்க. இந்தப் பலகைலயா இவ்வளவு கனமான சத்தம், எப்படிடா பண்றேன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. அவன் கூச்சப்பட்டுக்கிட்டு, "ஒண்ணுமில்ல, கிட்டார்லயே இருக்கு"ன்னான். நான் ஒரு ஓரமா வயர் சுத்திக்கிட்டிருந்தேன். விரல் நுனியெல்லாம் எரிஞ்சுது. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. உச்சி குளிர்ந்து போச்சு சார், பொய் சொல்லக் கூடாது. பொறாமைக்காரனா இருந்தா அந்த இடத்துலயே போட்டு உடைச்சிருப்பான்.

அன்னிலேர்ந்து ஒரு கச்சேரி விடல. எந்த ஹாலா இருந்தாலும் மேடைக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கும். எந்தப் பெட்டியா இருந்தாலும் ஒரு உதிரி ஓட்டை இருக்கும். எனக்கு ஜுரம் வந்த அன்னிக்குக்கூடப் போனேன். போர்வையைப் போத்திக்கிட்டு வாசிச்சேன்.

மச்சினன் பேர் பரவிடுச்சு. பத்திரிகைல படம் போட்டாங்க. ஊர்ல பாதிப் பசங்க கறுப்புக் கிட்டாரைக் குடுத்துட்டு டொய்ங் கிட்டார் வாங்கினாங்க. எங்க கடைக்கு வந்து ஆம்ப்ல, அதான் கிட்டார் சத்தத்தைப் பெருக்கற பெட்டில, சொருகி, பெடலை மிதிச்சு, வாசிச்சும் பாப்பாங்க. ஒரு பொண்ணு வெளிர் நீலத்துல ஒண்ணு கொண்டு வந்து வாசிச்சப்போ எங்க கடைச் சுவர்க் கடிகாரம் கீழ விழுந்துடுச்சு. ஆணி லூசு. அதை நான் ரொம்ப நாளா சரி பண்ணணும்னு இருந்தேன். அந்தப் பொண்ணு கண்ணு விரிய, "அண்ணா, உங்க மச்சினர் சொன்னது நிஜந்தான், ஒவ்வொரு தந்தியும் தனியா கேக்குது"ன்னா. எல்லாம் மனப்பிரமைம்மான்னு சொல்லலாம்னு பாத்தேன். சின்னப் பொண்ணு, ஆசையா வாங்கியிருக்கா, எதுக்குக் கெடுப்பானேன்னு ஆமாம்மான்னு சொல்லி அனுப்பினேன். எவ்வளவு பேரோட சந்தோஷம் என் ஒருத்தன் கையில இருந்துச்சுன்னு பாருங்க.

இப்போ நேத்திக்கு வர்றேன். ஊர் ஊரா, நாடு நாடா போற ஒரு பெரிய குழு இருக்கு. அதோட தலைவி ஒரு அம்மா, தலை நிறைய சுருட்டை முடி. வீட்ல நாங்க சுருட்டைன்னே சொல்லுவோம். அந்த அம்மா போன் பண்ணி, எங்க கிட்டார்காரர் விலகிட்டார், உங்க சத்தம் பதிவுல கேட்டேன், பிடிச்சிருக்கு, ஒரு தடவை நேர்ல கேக்கணும், சரியா இருந்தா ஒரு வருஷம் என்கூட வந்துடுங்கன்னு சொன்னாங்க. முக்கியமா மூணாவதா வாசிக்கிற அந்த மெதுவான பாட்டு. யானை நடக்கிற மாதிரி இருக்கும், நாங்க யானைப் பாட்டுன்னே கூப்பிடுவோம். அதை எதிர்ல நின்னு கேக்கணும்னாங்க. மச்சினனுக்குக் கை கால் ஓடல. இவ அழுதுட்டா. "இது மட்டும் நடந்துட்டா அவனைப் பத்தின கவலையே விட்டுடும்"னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கும் சந்தோஷம்தான். ஆனா நான் யோசிக்கிறவன்.

யோசிச்சுப் பாருங்க சார். ஒரு வருஷம் வெளிய போறான். அங்க அவன் பின்னாடி எந்த ரூம்ல யார் உட்கார்ந்து வாசிப்பா? முதல் நாளே தட்டுல கரண்டி விழும். தெரியாத ஊர், தெரியாத ஜனம், சிரிப்பா சிரிச்சுப் போயிடும். அவமானப்பட்டுத்தான் ஆகணும்னா நம்ம ஜனங்க முன்னாடி, அக்கா பக்கத்துல இருக்கிறப்போ படட்டும். தூக்கி விட ஆள் இருக்கும். அதனால நேத்து யானைப் பாட்டுல நான் கையை எடுத்துடறதுன்னு முடிவு பண்ணினேன். பாசம்னா சில சமயம் இப்படித்தான் இருக்கும்.

அதுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு வாய்ப்பும் குடுத்தேன். முந்தாநாள் சாப்பிட உட்கார்ந்தப்போ, யதார்த்தமா கேக்கற மாதிரி, "மாப்ள, உன் சத்தம் இவ்வளவு பெரிசா இருக்கே, அதுக்கு யாருடா காரணம்?"னு கேட்டேன். அவன் வாயில சாப்பாட்டோட, "பாதி அக்காதான் மாமா. மிக்சர்ல அவ கை வச்சா வேற மாதிரி ஆயிடுது"ன்னான். மீதிப் பாதின்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சான். யோசிச்சுட்டு, "நல்ல கேபிள்"னான்.

நான் கோபப்படல. இன்னொரு கரண்டி போட்டுக்கிட்டுச் சாப்பிட்டேன்.

நேத்து முதல் ரெண்டு பாட்டும் நல்லாவே வாசிச்சேன், சொல்லப் போனா என் வாழ்க்கைலயே அவ்வளவு நல்லா வாசிச்சதில்ல. கதவு இடுக்கு வழியா பாத்தா சுருட்டை முதல் வரிசைல தலையை ஆட்டிக்கிட்டிருக்காங்க. அப்புறம் டிரம்ஸ்காரன் மெதுவா எண்ணினான். யானைப் பாட்டு. நான் கையை எடுத்து மடில வச்சுக்கிட்டேன். ஹெட்போனைக் கழட்டினேன். கரண்டி விழறதைக் காது குளிரக் கேக்கணும்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

சுவர் அதிர்ந்துச்சு சார்.

நாற்காலியெல்லாம் ஆடுச்சு. கையைப் பாத்தேன், மடிலதான் இருக்கு. ஒருவேளை என் கிட்டார் தானா முனகுதோன்னு தந்தி மேல உள்ளங்கையை வச்சு அமுக்கினேன். அப்பவும் யானை நடக்குது. வயரைப் பிடுங்கினேன். நடக்குது. இத்தனை நாள் ஹெட்போன் போட்டுக்கிட்டே இருந்ததால நான் வெளிச் சத்தத்தை வெறுங்காதுல கேட்டதே இல்ல, இப்பத்தான் கேக்கறேன். அடிவயித்துல இறங்குது, ஆனா உள்ள ஒவ்வொரு தந்தியும் தனியா தெரியுது. மேல இருக்கிற மெலிசு தந்திகூட கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு தெரியுது. சேறே இல்ல. பிடுங்கின வயர் நுனியை உள்ளங்கையால பொத்திக்கிட்டேன். பொறாமைனா இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன். எனக்கு அதுல அனுபவம் இல்லாததால உறுதியா சொல்ல முடியல.

பதட்டப்படாம யோசிச்சேன். முதல்ல எதிரொலியோன்னு நினைச்சேன், ரெண்டு பாட்டா நான் வாசிச்சது சுவர்ல தங்கியிருக்கலாம். ஆனா எதிரொலி யானைப் பாட்டையா வாசிக்கும்? அப்போ பளிச்சுன்னு புரிஞ்சுது. பதிவு. நான் எப்பவோ வாசிச்சதை யாரோ பதிவு பண்ணி வச்சுக்கிட்டு இப்போ ஓட விடறாங்க. அவன் மேடைல சும்மா கையை ஆட்டறான். ஹால் நிறைய ஜனம், டிக்கெட் எடுத்துட்டு வந்து நிக்கறாங்க, அவங்க கண்ணுல மண்ணைத் தூவறாங்க. வாசிக்கறது ஒருத்தன், பேர் வாங்கறது இன்னொருத்தன். இந்த மாதிரி ஏமாத்து வேலையை என்னால பொறுத்துக்கவே முடியாது. அது என் சுபாவம்.

மெயின் என் கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்துச்சு. இழுத்துட்டேன்.

இருட்டு. ஸ்பீக்கர் எல்லாம் செத்துப் போச்சு. டிரம்ஸ் மட்டும் கொஞ்ச நேரம் தடதடன்னுட்டு அதுவும் நின்னுடுச்சு. சரி, இப்போ ஜனங்க கத்துவாங்க, சுருட்டை எழுந்து போயிடுவாங்க, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு உட்கார்ந்திருந்தேன். யாரும் கத்தல. அமைதியா இருந்துச்சு. அந்த அமைதில மேடைலேர்ந்து ஒரு சின்னச் சத்தம். டொய்ங். கரண்ட் இல்லாத வெண்ணெய்க்கட்டி. நான் நாள் கணக்கா சொல்லிக்கிட்டிருந்தேனே, அதே கரண்டிச் சத்தம். அவன் நிறுத்தாம யானைப் பாட்டை விட்ட இடத்துலேர்ந்து வாசிக்கிறான், டொய்ங், டொய்ங்னு. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன் சார்.

அப்போ யாரோ ஒருத்தர் தரையை மிதிச்சாங்க. அப்புறம் இன்னொருத்தர். கொஞ்ச நேரத்துல ஹால் முழுக்க அவன் தட்டற தட்டுக்குக் கால் மிதிக்கறாங்க, வாயால 'தூம்... தூம்'னு அடித்தந்திச் சத்தம் போடறாங்க. கனத்தையெல்லாம் அவங்க பாத்துக்கிட்டாங்க, டொய்ங் மட்டும் அவன் பாத்துக்கிட்டான். என் நாற்காலியெல்லாம் மறுபடியும் ஆட ஆரம்பிச்சுது. சுருட்டை இருட்டுல மேடையேறி, குனிஞ்சு, அந்தக் கிட்டார்கிட்ட காதை வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். நிமிர்ந்து, "போதும், பெட்டியைக் கட்டு"ன்னாங்களாம். இன்னிக்கு அவன் கிளம்பறான்.

அதுக்குள்ள நம்ம கரண்ட்காரர் டார்ச்சோட ஓடி வந்தார். மெயின் விழுந்திருக்கிறதைப் பாத்து, "இது எப்படி சார்?"ன்னார். தானா விழுந்துடுச்சு போல இருக்கு, பழைய போர்டுதானேன்னேன். அவர் பாக்கறதுக்கு வசதியா டார்ச்சைக்கூட நான்தான் பிடிச்சேன். அதனாலதான் இப்போ அவர் வேலைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சதும் நானே வந்துட்டேன். இன்னொருத்தர் மேல பழி போட்டுட்டுத் தூங்கறவன் இல்ல நான். நேத்து தூங்கினேன், அது அலுப்பு.

அவருக்குப் பின்னாடியே மச்சினன் வந்தான். விளக்கு வந்துடுச்சு. கறுப்புக் கிட்டாரைப் பாத்தான். கழட்டிப் போட்ட ஹெட்போனைப் பாத்தான், வயர் எங்க போகுதுன்னு கண்ணாலயே தொடர்ந்து பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். "ஏன் மாமா?"ன்னான். அவ்வளவுதான். போயிட்டான். உங்ககிட்டயும் அவன் ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. அது எங்க வளர்ப்பு. அந்தக் கேள்வி மட்டும் எனக்கு இங்க, நெஞ்சுக்குழில, முள்ளு மாதிரி நிக்குது. அவன்கிட்ட சொல்ல முடியாததைத்தான் உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்.

என்னம்மா? சொல்லு. மேனேஜர் சார் முன்னாடிதானே, சொல்லு.

கேட்டீங்களா சார்? இவ்வளவு நேரம் வாயே திறக்காம இருந்தா. நீங்களே உங்க காதால கேட்டீங்க, ஆனாலும் எழுதிக்கறதுக்காக நான் திருப்பிச் சொல்றேன். மிக்சர்ல ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். அமுக்கினா அந்த லைன் ஊமையாயிடும். முதல் கச்சேரி அன்னிக்கே உதிரி லைன்ல விளக்கு எரியறதைப் பாத்து, ஹெட்போன்ல கேட்டாளாம். உடனே பட்டனை அமுக்கிட்டாளாம். அன்னிலேர்ந்து ஒவ்வொரு கச்சேரிக்கும் முதல் வேலையா அதை அமுக்கிட்டுத்தான் மத்த லைனைத் திறப்பாளாம். நான் வாசிச்ச ஒரு தட்டுகூட வெளிய போனதில்லையாம்.

உங்க எதிர்லயே நான் கேட்டேன், அது நான்தான்னு உனக்கு எப்படித் தெரியும்னு. "உங்க வலது கை எப்பவும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னாடிதான் வரும். கட்டின பொண்டாட்டிக்குத் தெரியாதா?"ன்னா. பட்டனை எதுக்கு அமுக்கணும்னு கேட்டேன். "ரெண்டும் சேர்ந்தா சேறாயிடுது"ன்னா.

அவளும் அதே வார்த்தைதான் சொன்னா.

ஏன் இத்தனை நாள் சொல்லலன்னு நீங்க கேட்டீங்க. அதுக்கு அவ சொன்னதையும் எழுதிக்கோங்க. "உள்ள போய் அவர் பாட்டுக்கு ஆசை தீர வாசிச்சுட்டு வருவார் சார். வெளிய வர்றப்போ முகம் அப்படி இருக்கும். குழுவை விட்டு வந்ததுக்கப்புறம் அந்த முகத்தை நான் வேற எங்கேயும் பாக்கல. எப்படிச் சொல்றது?" சொல்லிட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கறா. அழாதம்மா. நான் உன்னைத் தப்பா நினைக்கல. தம்பி மேல இருக்கிற பாசத்துல பேசறே. எனக்குப் புரியுது.

ஆனா சார், நீங்க படிச்சவர். பட்டன் அமுக்கினா விளக்கு அணையும், ஒத்துக்கறேன். சத்தம் எங்க போகும்? நான் வாசிச்சது அத்தனையும் வயர் வழியா அந்தப் பெட்டிக்குள்ள போயிருக்கு. அதே பெட்டிலதான் அவன் ஆம்ப் மைக்கும் சொருகியிருக்கு, ஒட்டின மாதிரி, பக்கத்துப் பக்கத்து ஓட்டை. இத்தனை கச்சேரியா வெளிய வழியில்லாம நின்ன சத்தம் சும்மா காத்துல கரைஞ்சிடுமா? அந்த வெண்ணெய்க்கட்டிக்குள்ளதான் இறங்கியிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா ஊறியிருக்கு. இல்லைன்னா ஒரு பலகைக்கு ஏது அவ்வளவு கனம்? நேத்து நான் கையை எடுத்ததும் வெளிய வந்தது அதுதான். பதிவுன்னு நினைச்சு அவசரப்பட்டுட்டேன், அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். இருட்டுல ஜனங்க மிதிச்சாங்களே, அந்த இருட்டைக் குடுத்ததும் யாருன்னு அந்த சுருட்டை அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நல்லா இருக்கும். அவசரம் ஒண்ணும் இல்ல.

இந்தாங்க உங்க கேபிள். இப்போ தூக்கி எறிஞ்சாலும் சிக்கு விழாது. கரண்ட்காரரை அனுப்பிடுங்க, அவர் வீட்ல தேடுவாங்க. பேனா குடுங்க, கையெழுத்துப் போடறேன். நீட்டி முழக்காம சுருக்கமா எழுதுங்க. மெயினை இழுத்தது நான்தான். மூணாவது பாட்டை வாசிச்சதும் நான்தான்.